கண்ணாடியில் ஒரு மொட்டைத்தலை

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கை சும்மா இருப்பதில்லை. எதிரில் ஒரு கண்ணாடி இருந்தால் அதைத் தொட்டே ஆக வேண்டும். உள்ளே இருக்கிற சாமானைக் கண்ணால் பார்த்தால் போதாது. விரலைக் கண்ணாடிமேல் அழுத்தி "அதோ அது" என்று காட்ட வேண்டும். காட்டுகிறவன் வாங்குவானா என்றால் அதுவும் இல்லை. நாள் முழுக்கப் போனைத் தடவித் தடவி, எந்தக் கண்ணாடியைத் தடவினாலும் ஏதோ திறந்துகொள்ளும் என்ற நினைப்பு வந்துவிட்டது. முன்னே எல்லாம் குழந்தைதான் கடைக் கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு நிற்கும், அப்பன் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவான். இப்போது அப்பன் நிற்கிறான், குழந்தை இழுக்கிறது.

"கை வச்சாத்தான சம்மந்தி உங்களுக்கு வேலை?" என்று என் சம்மந்தி காலேப் கேட்பார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அதற்காக நான் அதை மெச்சிக்கொள்ள முடியாது.

நான் சித்தூரில் கடைக் கண்ணாடி துடைத்துப் பிழைத்தவன். பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை, போட்டோ ஸ்டுடியோ, நகைக்கடை, பேக்கரி எல்லாம் என் கையில் இருந்தன. போன வருஷம் ரோடை அகலம் பண்ணுகிறோம் என்று வந்து கடைகளின் மூஞ்சியை அறுத்துக்கொண்டு போனார்கள். பாதிக் கடை போன பிறகு எவன் கண்ணாடி போடுவான்? இரும்பு ஷட்டரை மாட்டிவிட்டான். ஷட்டரைத் துடைக்க யாரும் ஆள் வைப்பதில்லை.

திருப்பதியில் இருக்கிற என் மகள் தபிதா எனக்கு ஒரு வேலை பார்த்து வைத்தாள். அவள் குடியிருக்கும் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு விசில், ஒரு தொப்பி.

"கஷ்டமே இல்ல நைனா. சும்மா குந்திக்கினு இருக்கணும். கார் வந்தா எழுந்து கேட்டத் தொறக்கணும், அவ்ளோதான்."

"கார்ல வர்றவனுக்கு நான் இன்னாத்துக்கு எழுந்து நிக்கணும்?"

"அப்ப கேட்ட யார் தொறப்பாங்க?"

"அவனுக்குக் கை இல்லயா?"

என் பிடிவாதம் அவளுக்கும் உண்டு. "ஒண்ணாந் தேதி நீ சேர்றன்னு செகரெட்டரிகிட்ட சொல்லிட்டேன். அதுக்குள்ள உனக்குக் கண்ணாடி வேலை எங்கனா கெடச்சா நான் வாயே தொறக்கமாட்டேன். கெடைக்கலன்னா தொப்பி போட்டுக்கணும். சரியா?"

தொப்பியை எடுத்து என் மடிமேல் வைத்தாள். எனக்கு முன்னால் எவனோ போட்டுக்கொண்டிருந்த தொப்பி. உள்ளே சுற்றிலும் எண்ணெய்க் கறை வளையமாகப் படிந்திருந்தது. அதைப் பார்த்ததும், எந்த நரகத்திலாவது போய்க் கண்ணாடி வேலை பிடித்தே ஆக வேண்டும் என்று தீர்மானம் பண்ணினேன்.

நரகத்துக்கு வழி காட்டியவர் காலேப்தான். அவர் தபிதாவின் மாமனார். மிஷன் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதிக்கொண்டிருந்து ரிட்டயர் ஆனவர். வலியோடு வரிசையில் நிற்கிறவனைச் சிரிக்க வைத்தே பழகின வாய். ரிட்டயர் ஆன பிறகும் அந்த வாய் ரிட்டயர் ஆகவில்லை. தலையில் ஒரு மயிர் கிடையாது. சபையில் மூப்பர். நான் பெண் கொடுத்தவன், அவர் பிள்ளையைப் பெற்றவர். அதனால் அவரிடம் நான் வாயை அடக்கித்தான் பேச வேண்டும். எனக்கு அது வியாதி மாதிரி.

"பத்மகிரி மாலுக்குப் போலாம் சம்மந்தி," என்றார். "அங்க செவுரே கெடயாது. அம்புட்டும் கண்ணாடிதான். நீங்க தொடைங்க, நான் பேசறேன்."

போனோம். வாசலிலேயே ஒருவன் என் இடுப்பைத் தடவிப் பார்த்தான். ஸ்ப்ரே பாட்டிலை மோந்து பார்த்தான். சோப்புத் தண்ணீர் என்றால் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவனையும் மோந்து பார்க்கச் சொன்னான். உள்ளே போனால் படிக்கட்டு தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. படி என்றால் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். நான் ஓரத்தில் இருந்த சிமெண்டுப் படியில் ஏறிப் போனேன். காலேப் ஓடுகிற படியில் நின்றபடியே, முன்னால் நின்ற பெண்ணிடம் அவள் ஊர் வடமாலபேட்டை என்பதையும் அவள் மாமியாருக்குச் சர்க்கரை என்பதையும் தெரிந்துகொண்டு மேலே வந்து சேர்ந்தார்.

வேலை பிடிக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழி. கேட்கவே மாட்டேன். கண்ணாடியில் பாதியைத் துடைப்பேன், பாதியை அப்படியே விட்டுவிடுவேன், எதிர்க் கடையில் போய் டீ குடிப்பேன். கடைக்காரன் வெளியே வந்து பார்ப்பான். துடைத்த பாதி துடைக்காத பாதியைக் காட்டிக்கொடுக்கும். அவனே கூப்பிடுவான். சித்தூரில் எத்தனையோ கடையை இப்படித்தான் பிடித்தேன்.

மாலில் முதலில் ஒரு பொம்மைக் கடையில் அதைச் செய்தேன். கடைக்காரர் வெளியே வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"எந்தப் பாதி?" என்றார்.

அங்கே புழுதி இல்லை, மழை இல்லை, பஸ் புகை இல்லை. நேராக நின்று பார்த்தால் இரண்டு பாதியும் ஒன்றாகத்தான் தெரிந்தது. "குந்திக்கினு சாஞ்சி பாருங்க, துணி இழுத்த கோடெல்லாம் தெரியும்," என்றேன்.

"கஸ்டமர் குந்திக்கினு பாக்கமாட்டான் பெரியவரே. நின்னுக்கினுதான் பாப்பான்," என்று அவர் உள்ளே போய்விட்டார்.

ஆனால் திருப்பதி மாலில் வேறு எங்கேயும் இல்லாத ஒரு அழுக்கு இருந்தது. மலைமேல் முடி கொடுத்துவிட்டு இறங்குகிறவர்கள், ரயிலுக்கு நேரம் இருந்தால் ஏசிக் காற்றுக்காக மாலுக்குள் வருகிறார்கள். மொட்டைத்தலை முழுக்கச் சந்தனம். கடைக்கு உள்ளே போனால் வாங்கச் சொல்வார்களோ என்று பயந்து, கண்ணாடியில் தலையை முட்டுக் கொடுத்து வெளியே இருந்தே விலை பார்க்கிறார்கள். தலையை எடுத்தால் அங்கே மஞ்சளாக ஒரு வட்டம். மேலே அப்பன் வட்டம், கொஞ்சம் கீழே அம்மா வட்டம், முழங்கால் உயரத்தில் பிள்ளைகள் வட்டம். எந்தக் கடைக்கு எத்தனை பெரிய குடும்பம் வந்தது என்று கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். கடைப் பெண்கள் அதைக் காய்ந்த துணியால் தேய்த்து, தோசை ஊற்றுகிற மாதிரி இழுத்துவிட்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா, கர்த்தர் உங்களுக்கு அழுக்கு வச்சிருக்காரு," என்றார் காலேப்.

இரண்டாவது கடையில் கை வைப்பதற்குள் மால் மேனேஜர் வந்துவிட்டான். கோகுலகிருஷ்ணன் என்று பெயர். திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வருகிற பையன், இடுப்பில் வாக்கி டாக்கி. அது கரகரவென்று பேசிக்கொண்டே இருக்கும், அவன் அதற்குப் பதிலே சொல்லமாட்டான்.

"அங்கிள், பாஸ் இல்லாம இங்க வேலை செய்யக் கூடாது."

"பாஸ் குடு."

"ஒரு கடைக்குன்னு குடுக்க முடியாது. இந்த வரிசை மொத்தமும் ஒத்துக்கினா கேட் பாஸ் போட்டுத் தர்றேன். தரையில ஒரு சொட்டுத் தண்ணி வுழக் கூடாது. யாரும் வழுக்கி வுழக் கூடாது, யாருக்கும் அடி படக் கூடாது. எங்க மேலிடத்துல என்னத்தான் கேப்பாங்க."

வரிசை மொத்தமும் என்றால் யாரைப் பிடிப்பது? மூக்குக்கண்ணாடிக் கடையில் கேட்டோம், குழந்தைத் துணிக் கடையில் கேட்டோம், பொம்மைக் கடைக்காரரையும் மறுபடி கேட்டோம். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "வெங்கடலட்சுமி அக்கா வச்சிக்கினா நாங்களும் வச்சிக்கிறோம்."

வெங்கடலட்சுமி அந்த வரிசையின் கோடியில் ஒன் கிராம் கோல்ட் கடை வைத்திருந்த அம்மாள். அந்த மாடிக் கடைக்காரர்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. எங்களைப் பார்த்ததும் தெலுங்கில் ஆரம்பித்தாள், காலேப்பின் தமிழைக் கேட்டுத் தமிழுக்கு வந்தாள், கோபம் வந்தால் மறுபடி தெலுங்குக்குப் போனாள். காலேப் அவளுடைய கம்மலைப் புகழ்ந்தார், கடையைப் புகழ்ந்தார், கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அவள் பேத்தி போட்டோவைப் புகழ்ந்தார்.

"நீங்க பேசறதப் பாத்தா பயமா இருக்குது," என்று அவள் சிரித்தாள். என் பக்கம் திரும்பினாள். "இவரு பேசவே மாட்டாரா?"

"கண்ணாடி அசிங்கமா கீது," என்றேன்.

காலேப் என் காலை மிதித்தார். அந்த அம்மாளுக்கு அது பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். "சரே. வெள்ளிக்கிழமை காலைல, கடை தொறக்கறதுக்கு முன்ன வாங்க. பாதி தொடைங்க. நான் வந்து பாத்துட்டு செப்தானு," என்றாள். பார்த்துவிட்டுச் சொல்கிறாளாம். வெள்ளிக்கிழமை போனால் ஞாயிற்றுக்கிழமை ஒண்ணாந் தேதி.

வெள்ளிக்கிழமை வெங்கடலட்சுமி அம்மாள் கோயிலுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி, கடைப் பெண் அக்ஷயாதான் வந்து ஷட்டரைத் தூக்கினாள். காலேப் எதிரில் செல்போன் கவர் விற்கிறவனிடம் பேச உட்கார்ந்துவிட்டார். நான் தரையில் பழைய போர்வையை விரித்து, கண்ணாடியைப் பார்த்தேன். இடது பாதியில், ஆள் உயரத்துக்கு, ஒரு பெரிய மஞ்சள் வட்டம். புதுசு இல்லை. காய்ந்து, ஓரம் வெடித்து, நடுவில் குங்குமம்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற கறையெல்லாம் இழுத்துத் தேய்த்திருக்க, இது மட்டும் அப்படியே இருந்தது. இவ்வளவு நாளாக இதை எடுக்க ஒருத்திக்கும் துப்பு இல்லையே என்று நினைத்தேன்.

"தாத்தா, எல்லாம் தொடைங்க. அந்த வட்டத்த மட்டும் தொடாதீங்க," என்றாள் அக்ஷயா. "மேடம் திட்டுவாங்க."

"இன்னாத்துக்கு?"

"அது அப்படித்தான்." பூ வாங்க வேண்டும் என்று அவள் கீழே போய்விட்டாள்.

எனக்கு இது புதுசு இல்லை. சித்தூரில் பேக்கரி கங்கையா இப்படித்தான் செய்வார். "அந்த மூலைய மட்டும் வுட்டுடு, போஸ்டர் ஒட்டப் போறேன்" என்பார். வேலை முடிந்ததும் அதே மூலையைக் காட்டி, "இது இன்னா? இதான் நீ தொடச்ச லட்சணமா?" என்று கூலியில் கை வைப்பார். இந்த மால்காரர்கள் ஏசி போட்ட கங்கையாக்கள். பிடிக்காதவனைக் கழித்துக்கட்ட ஒரு கறையை முன்னாடியே எடுத்து வைத்திருக்கிறார்கள். நான் அதற்கு அகப்படுகிற ஆள் இல்லை.

தண்ணீர் அடித்து ஊற விட்டேன். பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினேன். சந்தனம் சுருள் சுருளாக வந்தது. வைப்பரை மேலே வைத்து ஒரே இழுப்பு. இடது பாதியில் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒண்ணாந் தேதித் தொப்பியை நினைத்துக்கொண்டேன். எவன் தலைக்காவது போகட்டும் என்று நினைத்தேன்.

வெங்கடலட்சுமி அம்மாள் கையில் பிரசாதத் தொன்னையோடு வந்தாள். கண்ணாடிக்கு நேராக வந்ததும் நின்றாள். "ஏம் சேசாரு?" என்றாள். என்ன செய்தீர்கள் என்று கேட்கிறாள். சத்தமே இல்லை. நான் பெருமையாக வலது பாதியைக் காட்டி, "அத இன்னும் தொடல, வித்தியாசம் பாருங்க," என்றேன்.

அவள் அப்படியே உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பூவோடு வந்த அக்ஷயா கண்ணாடியைப் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டாள். காலேப் ஓடி வந்தார்.

விஷயத்தை அக்ஷயாதான் சொன்னாள். கடை போட்ட புதுசில் ஒருவரும் உள்ளே வரவில்லையாம். காலி பண்ணிவிடலாம் என்று வெங்கடலட்சுமி அம்மாள் நகைகளைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்த மத்தியானம், மொட்டை அடித்த ஒரு கிழவர் வந்து கண்ணாடியில் தலையை வைத்தாராம். வைத்தவர் எடுக்கவில்லை. நின்றபடியே தூங்கிவிட்டார். அவரை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. கூடின கூட்டம் உள்ளே வந்தது. வந்தது வாங்கியது. கிழவர் எழுந்து எங்கே போனார் என்று யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு எடுத்த பெட்டியை அம்மாள் மறுபடி பிரித்து அடுக்கினாளாம். அன்றிலிருந்து அந்த வட்டத்துக்கு வெள்ளிக்கிழமை தோறும் குங்குமம்.

"எங்க சாமியே வந்து தலைய வச்சிட்டுப் போனாரு," என்றாள் வெங்கடலட்சுமி அம்மாள். கண்ணில் தண்ணீர். "நீங்க சொரண்டிப் போட்டீங்க."

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். "அம்மா, நடந்து வந்த அசதியில ஒரு ஆளு தூங்கியிருக்கான். அது சந்தனமும் வேர்வையும்," என்றேன்.

காலேப் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். "சம்மந்தி, வாய மூடுங்க. உங்க வூட்டு வாசல் நெலமேல பாஸ்டர் எண்ணெயால சிலுவை போட்டாரே. அத நீங்க தொடச்சீங்களா?"

"தொடச்சேன்."

"தொடச்சீங்களா?"

"புழுதி ஒட்டி கறுப்பாயிடுச்சி. தொடச்சேன். என் வூட்டுக்காரி அன்னிக்கு எனக்குச் சோறு போடல."

காலேப் பெருமூச்சு விட்டார். உள்ளே போய் அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டார், எனக்குக் கண் சரியாகத் தெரியாது என்று பொய் சொன்னார். அவள் அவருடைய மொட்டைத்தலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். காலேப்புக்கு அவள் யோசனை புரிந்துவிட்டது. "அம்மா, நான் சபை மூப்பர்," என்று இரண்டு அடி பின்னால் வந்தார்.

"போங்கய்யா," என்றாள் அவள். "வரிசையில ஒரு கடையும் உங்கள வச்சிக்கக் கூடாதுன்னு சொல்லிடறேன். இன்னிக்கி போணி ஆகட்டும், ஆகாம போகட்டும், கண்ணு முன்னால நிக்காதீங்க."

போயிருக்கலாம். ஆனால் வலது பாதி பாக்கி இருந்தது. "மீதியையும் முடிச்சிட்டுப் போறேன்," என்றேன்.

"எதுக்கு?"

"பாதியில வுட்டுட்டுப் போனா நாளைக்கி பாக்கறவன் இன்னா சொல்லுவான்? வேலை வேணாம், கூலி வேணாம். முடிச்சிட்டுப் போயிடறேன்."

அவள் எப்படியாவது தொலை என்று கையை ஆட்டினாள். காலேப் தலையில் அடித்துக்கொண்டு, காப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனார்.

நான் வலது பாதியை முடித்தேன். அப்புறம் உள்பக்கம். ஓரத்து ரப்பரில் தங்கின தண்ணீரைத் துணி முனையால் ஒற்றி எடுத்தேன். தொப்பி போட்டுக்கொள்ளப் போகிறவனுக்கு என்ன அவசரம்? ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. அந்தக் கண்ணாடியை அது கம்பெனியிலிருந்து வந்த அன்றைக்கும் யாரும் அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள். போர்வையை மடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். ஓடுகிற படியிலிருந்து ஒரு பெரிய குடும்பம் இறங்கியது. முன்னால் கனத்த சரீரத்தோடு ஒரு பெரியவர், மொட்டைத்தலையில் ஈரச் சந்தனம். கடைக்குள் தொங்கின ஒரு ஆரத்தைப் பார்த்துக்கொண்டே நேராக வந்தார். கதவு இருந்தது வலது கோடியில். அவர் வந்தது நடுவில்.

தொம் என்று ஒரு சத்தம். செல்போன் கவர்க்காரன் எழுந்து நின்றுவிட்டான்.

பெரியவர் பின்னால் சாய, இரண்டு மருமகன்கள் தாங்கிப் பிடித்தார்கள். ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. அவர் மனைவி, அவளும் மொட்டை, சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அக்ஷயா ஓடிப் போய் ஸ்டூல் போட்டு, தண்ணீர் கொடுத்தாள். பெரியவர் நெற்றியைத் தடவிக்கொண்டு கண்ணாடியைத் தூரத்திலிருந்தே பார்த்தார்.

"கண்ணாடி இருக்குதுன்னே தெரியலியே," என்றார்.

இத்தனை வருஷத்தில் என் வேலையை எவனும் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. மற்றவர்களெல்லாம் வாயால் சொன்னார்கள். இவர் தலையால் சொன்னார்.

கண்ணாடியில், பழைய வட்டம் இருந்த இடத்துக்கு ஒரு ஜாண் தள்ளி, புதுசாக ஒரு வட்டம். ஈரமாக, மஞ்சளாக, நடுவில் கொஞ்சம் நசுங்கி. வெங்கடலட்சுமி அம்மாள் வெளியே வந்து அதற்கு முன்னால் நின்றாள். கையில் இருந்த தொன்னையை அக்ஷயாவிடம் கொடுத்தாள், இரண்டு கையையும் கூப்பினாள்.

அந்தக் குடும்பம் செங்கத்துக்காரர்கள். தாத்தாவை இடிக்க வைத்த கடை என்று ஆசையாக எல்லோரும் உள்ளே போனார்கள். மருமகள்கள் வளையல் எடுத்தார்கள், மகள்கள் கம்மல் எடுத்தார்கள். பெரியவர் தான் பார்த்துக்கொண்டு வந்த ஆரத்தை மனைவிக்கு எடுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உள்ளே போனார்கள். வாசலில் நிற்க இடமில்லை. நான் என் பாட்டிலை இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

கோகுலகிருஷ்ணன் இரைக்க இரைக்க வந்தான். இடுப்பில் கரகர சத்தம். "யாரு வுழுந்தது? அங்கிள், நான் சொன்னேனா இல்லியா? அடி படக் கூடாதுன்னு சொன்னேனா? மேடம், கண்ணாடிமேல ஒரு ஸ்டிக்கராவது ஒட்டணும், இல்லன்னா எல்லாரும் வந்து இடிப்பாங்க."

"ஸ்டிக்கர் இன்னாத்துக்கு? அதான் இருக்குதே," என்றாள் வெங்கடலட்சுமி அம்மாள் வட்டத்தைக் காட்டி. "இத பாத்தா எவன் வந்து இடிப்பான்?"

கோகுலகிருஷ்ணன் வட்டத்தைப் பார்த்தான். தள்ளி நின்று பார்த்தான். வேறு வழியில்லாமல், "அது சரிதான்," என்றான்.

"இவருக்குப் பாஸ் போடு. நம்ம வரிசை மொத்தத்துக்கும்." அப்புறம் என்னிடம் வந்தாள். "பெத்தாயனா, நான் கோவத்துல பேசிட்டேன். பழசு காஞ்சிப் போயிருந்தது. வியாபாரமும் இப்ப கொஞ்ச நாளா மந்தம்தான். அத எடுத்தாதான் புதுசா வருவாருன்னு எனக்குத் தெரியல. உங்க கைக்குத் தெரிஞ்சிருக்குது."

"என் கைக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் அழுக்குன்னுதான் சொரண்டினேன்."

"அப்படித்தான் செய்ய வைப்பாரு," என்றாள்.

இவர்களிடம் என்ன பேசுவது? நான் சொல்வதெல்லாம் அவள் கட்சிக்கே சாட்சியாகப் போகிறது.

"ஒரே ஒரு கண்டிஷன்," என்றாள். "கண்ணாடி மொத்தமும் இதே மாதிரி இருக்கணும். இந்த வட்டத்துமேல மட்டும் கை வைக்கக் கூடாது."

முடியாது என்று சொல்ல வாய் வந்தது. அழுக்கை விட்டுவிட்டுச் சுற்றித் துடைப்பதற்கு ஒரு வேலைக்காரன் எதற்கு? அதைவிட நாற்காலியில் உட்கார்ந்து கார்க்காரனுக்கு எழுந்து நிற்கலாம் என்று தோன்றியது. அப்புறம் தொப்பிக்குள் இருந்த எண்ணெய் வளையம் நினைவுக்கு வந்தது. வளையத்தைத் தலையில் சுமப்பதைவிடக் கண்ணாடியில் விடுவது மேல்.

"சரி," என்றேன்.

அப்போதுதான் காலேப் மேலே வந்தார். கூட்டத்தைப் பார்த்து, வட்டத்தைப் பார்த்து, "ஸ்தோத்திரம்," என்றார். அவர் ஆச்சரியப்பட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு காப்பிக்கு இவ்வளவு நேரமா? கீழே காப்பிக் கடைக்கு நேர் எதிரில்தான் மொட்டை அடித்தவர்கள் மூட்டையோடு உட்காருகிற இடம். செங்கத்துப் பெரியவர் கிளம்பும்போது காலேப்பைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டல் தெரிந்தவருக்கு ஆட்டினதா, சும்மா ஆட்டினதா என்று நான் அன்று முழுக்க யோசித்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "அந்த ஆள நீங்கதான மேல அனுப்பினீங்க?"

"எந்த ஆள?"

"இடிச்ச ஆள."

"நான் காப்பி குடிக்கப் போனேன் சம்மந்தி. நாலு பேரப் பாத்தா நாலு வார்த்தை பேசறதுதான். மேல நல்ல நகைக்கடை கீதுன்னு யார்கிட்டனா சொல்லியிருப்பேன். தலையால இடின்னு நான் சொல்ல முடியுமா?"

"சத்தியமா?"

"மூப்பர் சத்தியம் பண்ணக் கூடாது," என்றார்.

இப்போது வரிசை மொத்தமும் என் கையில் இருக்கிறது. தபிதா சொன்னபடி வாயே திறக்கவில்லை. ஆனால் செகரெட்டரிக்குச் சொன்ன சொல் இருக்கிறதே, அதனால் தொப்பி காலேப் தலைக்குப் போயிற்று. அவருக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. கார் வந்தால் எழுந்து கேட்டைத் திறக்கிறார், ஆனால் பேசி முடிக்கும்வரை காரை உள்ளே விடுவதில்லை என்று புகார்.

நேற்று வெள்ளிக்கிழமை. வெங்கடலட்சுமி அம்மாள் வட்டத்துக்குக் குங்குமம் வைத்துவிட்டு, தள்ளி நின்று கும்பிட்டாள். பொம்மைக் கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நம்ம கடைக்கும் ஒண்ணு வர்ற மாதிரி தொடைக்க முடியுமா பெரியவரே?" என்று கேட்டார். முன்னே எந்தப் பாதி என்று கேட்டவர். குந்திக்கினு சாஞ்சி பாருங்க என்றேன். குந்தினார்.

நான் அந்த வட்டத்தைச் சுற்றி, கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஓரம் கலையாமல் துடைத்தேன். வைப்பரையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். படிவரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெரிய கண்ணாடியில் அது ஒன்றுதான் கண்ணில் படுகிறது. அவள் என்ன சொன்னாலும், காலேப் என்ன சொன்னாலும், அது அழுக்கு. ஓடுகிற படியை விட்டுவிட்டுச் சிமெண்டுப் படியில் இறங்கி வந்துவிட்டேன்.